வேரியபிள் ரேட் அப்ளிகேஷன்: மாறுவீத இடுகையா, இடவாரியா?

அனைவருக்கும் வணக்கம்.

பண்ணை வரவுசெலவைத் திட்டமிடும் கையேடு ஒன்றும் அதற்கான செயலியும் தமிழாகிக்கொண்டிருக்கின்றன. இடுபொருள், நிலைச்செலவு, மாறுசெலவு என்று பெரும்பாலான சொற்கள் அமைந்துவிட்டன. ‘வேரியபிள் ரேட் அப்ளிகேஷன்’ மட்டும் அத்தியாயத்துக்கு ஒரு விதமாக நிற்கிறது. ஒன்றில் ‘மாறுவீத இடுகை’, இன்னொன்றில் ‘தேவைக்கேற்ற உரமிடல்’, வேறொன்றில் ‘மாறுபட்ட அளவில் இடுதல்’.

பொருள் இதுதான்: விதை, உரம், சுண்ணாம்பு, தெளிமருந்து, பாசன நீர் எதுவானாலும் வயல் முழுக்க ஒரே சீராகப் போடாமல், அந்தந்த இடத்து மண்ணையும் பயிரையும் பார்த்துக் கூட்டியும் குறைத்தும் போடுவது. ‘துல்லியப் பண்ணையம்’ என்ற சொல் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. அதற்குள் அடங்கும் ஒரு முறை இது, அதன் மறுபெயர் அல்ல.

கூடவே வரும் மூன்று சொற்களுக்கும் இணை தேவை. ஒன்று ‘மேனேஜ்மென்ட் ஸோன்’: ஒரே மாதிரி நடத்தத் தகுந்த வயல்பகுதி. இரண்டாவது ‘பிரிஸ்கிரிப்ஷன் மேப்’: எங்கே எவ்வளவு போடவேண்டும் என்று இயந்திரத்துக்குச் சொல்லும் வரைபடம். மூன்றாவது ‘அஸ் அப்ளைடு மேப்’: போட்டு முடித்தபின் எங்கே எவ்வளவு விழுந்தது என்ற பதிவு.

நான்கும் ஒரே குடும்பமாக அமைந்தால் நல்லது.

அன்புடன்,
மொழிபெயர்ப்புக் குழு

———

> ஒன்றில் ‘மாறுவீத இடுகை’

இதை ஏற்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சொல்லழகை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இயந்திரத்தில் ‘மாறுவது’ என்று இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. இந்தச் சொல் இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

தெளிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாசிலின் (தெளிப்பு முனையின்) ஓட்டத்துக்கான கணக்கு: ஹெக்டேருக்கு வேண்டிய லிட்டர் × மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் × நாசில் இடைவெளி மீட்டரில், இதை 600-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 200 லிட்டர், 8 கி.மீ. வேகம், 0.5 மீட்டர் இடைவெளி என்றால் 1.33 லிட்டர். ஓட்டுநர் மேட்டில் ஏறும்போது வேகம் 6 கி.மீ.க்கு இறங்கினால் கட்டுப்பாட்டுப் பெட்டி ஓட்டத்தை 1.0 லிட்டராகக் குறைக்கிறது. ஓட்டம் மாறியது, ஆனால் ஹெக்டேருக்கு விழுவது அதே 200 லிட்டர்தான். இது நாம் பேசும் முறை அல்ல, சீரான அளவைக் காப்பாற்றும் சாதாரண ஏற்பாடு. வயலின் ஒரு மூலையில் இலக்கே 200-இலிருந்து 100 ஆகும்போதுதான் நாம் பேசும் முறை தொடங்குகிறது. ‘மாறுவீதம்’ என்று எழுதினால் முதல் வகைக் கருவி வைத்திருப்பவர் ‘என்னிடம் ஏற்கெனவே இருக்கிறதே’ என்று நினைப்பார். விற்பவரும் அப்படியே சொல்லி விற்றுவிடுவார்.

இலக்கை மாற்றுவதற்கும் ஓர் எல்லை உண்டு. கையேட்டில் இது விடுபடக்கூடாது. சாதாரண நாசிலில் ஓட்டத்தை இரண்டு மடங்காக்க அழுத்தத்தை நான்கு மடங்காக்கவேண்டும். 3 பார் அழுத்தத்தில் 1.33 லிட்டர் தரும் நாசிலைப் பாதி ஓட்டத்துக்கு இறக்கினால் அழுத்தம் 0.75 பார் ஆகும். விசிறிபோல் விரியும் தெளிப்பு மடங்கிப்போகும், நாசிலுக்கும் நாசிலுக்கும் நடுவே மருந்து படாத கோடு விழும். ஹெக்டேருக்கு 300 லிட்டராக ஏற்றினால் அழுத்தம் 6.75 பார். துளி பொடியாகிக் காற்றில் போய்விடும். அகலமான வரம்பு வேண்டும் என்றால் வால்வைத் துடிப்பாகத் திறந்து மூடும் நாசில் அமைப்புதான் வழி.

இன்னொன்று: சொல்லுக்குள் செயற்கைக்கோள், கணினி, தானியங்கி எதுவும் நுழையவேண்டாம். வயலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து மண்ணெடுத்து, மண்ணின் புளிப்பை (அமிலத்தன்மையை) வரைபடமாக வரைந்து, இடத்துக்குத் தக்கபடி சுண்ணாம்பு போடும் முறையை இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் சுற்றறிக்கை ஒன்று 1929-இலேயே சொல்லிவிட்டது. ஜிபிஎஸ் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன். கருவி மாறும், முறை அதேதான்.

என் முன்மொழிவு ‘இடத்துக்கேற்ற அளவு’. சொல் இன்னும் சுருங்கவேண்டும் என்பது தெரிகிறது. அதை மொழிப் பக்கம் விடுகிறேன்.

பண்ணைக் கருவிகள் பக்கமிருந்து

———

> என் முன்மொழிவு ‘இடத்துக்கேற்ற அளவு’

பொறியாளர் ஐயா கைவைத்த இடம் சரி. அளவை முடிவு செய்வது இடம். சொல்லில் முன்னால் நிற்கவேண்டியதும் ‘இடம்’தான்.

‘வீதம்’ வேண்டாம் என்பதற்கு மொழிக் காரணமும் இருக்கிறது. ‘ஹெக்டேருக்கு 120 கிலோ வீதம்’ என்று வாக்கியத்துக்குள் அது நன்றாகவே உட்காரும். தனியாக நிற்கும்போது வட்டி வீதம், வளர்ச்சி வீதம் என்று காலக்கணக்கு நினைவுக்கு வந்துவிடும். நமக்கு வேண்டியது பரப்புக் கணக்கு. ‘மாறு’ என்பதும் இதே கையேட்டில் ‘மாறுசெலவு’ என்று வந்துவிட்டது. ‘இடுகை’யோ இணையத்தில் வலைப்பதிவுக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. ‘புதிய இடுகை’ என்று செயலியில் ஒரு பொத்தான் இருந்தால் எத்தனை பேர் அதை உரம் என்று எடுத்துக்கொள்வார்கள்? ‘தேவைக்கேற்ற’ என்பதில் வேறு சிக்கல். சில நேரம் மெலிந்த இடத்துக்குக் கூடுதலாகப் போடுகிறோம். சில நேரம் அந்த இடம் எப்படியும் விளையாது என்று குறைக்கிறோம். இரண்டுமே இந்த முறைக்குள் அடங்கும்.

என் பரிந்துரை: இடவாரி.

நபர்வாரி, பகுதிவாரி, மாவட்டவாரி என்று எல்லோரும் எழுதும் ஒட்டு இது. ‘ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக’ என்ற பொருளை விளக்கம் இல்லாமலே தருகிறது. ‘வாரி’ வெளியிலிருந்து வந்தது என்பார்கள். உண்மைதான், ஆனால் அது தமிழ்ச் சொல்லோடு ஒட்டிப் புழங்குவது நேற்றுத் தொடங்கியதல்ல. ‘இடந்தோறளவு’, ‘இடமறி அளவு’ என்றும் ஆக்கிப் பார்க்கலாம். முதலாவது நாவில் புரளவில்லை. இரண்டாவது, இடத்தைத் தானே கண்டறியும் கருவி என்று திசைதிருப்பும்.

இடவாரிக்கு உள்ள பெரிய வசதி அது எல்லா வடிவிலும் வளைவது. இடவாரி அளவு, இடவாரி விதைப்பு, இடவாரிப் பாசனம், இடவாரித் தெளிப்பான், ‘இடவாரியாகப் போடு’. வினையாகவும் அடையாகவும் கருவிப் பெயராகவும் போகாத கலைச்சொல் அகராதியோடு நின்றுவிடும்.

‘மேனேஜ்மென்ட் ஸோன்’ என்பதற்கு ‘மேலாண்மை மண்டலம்’ என்று போடவேண்டாம். மண்டலம் என்றால் வேளாண் காலநிலை மண்டலம் அளவுக்கு விரிந்து நிற்கிறது. ஒரு வயலுக்குள் நாலு மண்டலம் என்பது காதுக்கே ஒட்டவில்லை. பயிர் ‘திட்டுத்திட்டாக மஞ்சளடித்திருக்கு’ என்கிறோமே, அந்தத் திட்டு போதும். ‘இந்த வயலில் மூன்று திட்டு’ என்றால் விளக்கவே வேண்டாம்.

கலைச்சொல் பக்கமிருந்து

———

‘திட்டு’ அருமை. கலைச்சொல் பக்கத்து அம்மா சொன்னதை அப்படியே செயலியில் ஏற்றலாம். ஆனால் முறைக்கே ‘திட்டுவாரி’ என்று வைக்கலாமே என்று யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், அது பொருந்தாது. டிராக்டரின் முன்னால் உணரியை (சென்சாரை) மாட்டி, ஓடியபடியே பயிரின் பச்சையை அளந்து, பின்னால் உர அளவை மாற்றும் முறையில் திட்டே கிடையாது. இடவாரி இரண்டையும் தாங்கும்: வரைபடவழி இடவாரி, உணரிவழி இடவாரி.

‘பிரிஸ்கிரிப்ஷன் மேப்’ குறித்து ஒரு எச்சரிக்கை. ‘மருந்துச்சீட்டு வரைபடம்’ என்று இயந்திர மொழிபெயர்ப்பு தருகிறது. பண்ணையில் மருந்து என்றால் பூச்சிமருந்து. யூரியா போடவேண்டிய படத்தை மருந்துப் படம் என்று பெயரிட்டுக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. ‘பரிந்துரை வரைபடம்’ என்பதும் சரியல்ல. பரிந்துரை என்றால் கேட்கலாம், விடலாம். இந்தக் கோப்பு உள்ளே போனதும் இயந்திரம் எழுத்துப் பிசகாமல் அதன்படி நடக்கும். தவறாக இருந்தாலும் நடக்கும்.

இந்தப் படம் தயாராகும் வழியும் பெயருக்கு உதவும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர். படங்கள் இலவசம். சிவப்புக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டலால் வகுத்தால் பசுமைக் குறியீடு. அதை அப்படியே உர அளவாக மாற்றினால் படம் பொரிப்பொரியாக வரும். 24 மீட்டர் அகலத்துக்கு வீசும் உரத்தூவிக்கு 10 மீட்டர் புள்ளியைத் தனியாகக் கவனிக்க வழியே இல்லை. ஆகவே புள்ளிகளை மென்மையாக்கி, வீச்சு அகலத்தை விடச் சிறிய திட்டுகளைப் பக்கத்துத் திட்டோடு சேர்க்கவேண்டும். வயலோரப் புள்ளியில் பாதையும் மரநிழலும் கலந்திருக்கும் என்பதால் ஓரத்தில் ஒரு புள்ளி அகலத்தை வெட்டிவிடவேண்டும். பச்சை குறைவதற்குத் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவு மட்டும் காரணமல்ல. நீர் தேங்கியிருக்கலாம், வேர் அழுகியிருக்கலாம். மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் அங்கே உரத்தைக் கூட்டினால் வீண்.

அடுத்தது கோப்பு. பெரும்பாலான கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பையோ, ஐஎஸ்ஓ 11783 தரத்தின்படி அமைந்த பணிக்கோப்பையோ படிக்கும். ஷேப்ஃபைல் ஒற்றைக் கோப்பு அல்ல. வடிவம், சுட்டி, அட்டவணை மூன்றும் கட்டாயம். படத்தின் இடக்குறிப்பு எந்த ஆயமுறையில் உள்ளது என்று சொல்லும் நான்காவது கோப்பு கட்டாயமில்லை என்பதால் பென்டிரைவில் ஏற்றும்போது அதை விட்டுவிடுகிறார்கள். அப்போது படம் வேறு எங்கோ போய் உட்காரும், பெட்டி ‘வயல் கிடைக்கவில்லை’ என்று நிற்கும். நாம் தமிழில் வேலை செய்வதால் கவனிக்கவேண்டியது ஒன்று: அட்டவணையில் நெடுவரிசைப் பெயருக்கு இடம் 10 பைட்டுதான். யூனிகோடின் UTF-8 வடிவில் தமிழின் ஒரு குறிக்கு 3 பைட். ‘அளவு’ என்ற சொல்லே அ, ள, வ, உகரக் குறி என்று நான்கு குறி, 12 பைட். பெயர் பாதியில் அறுந்து பெட்டி படிக்கமாட்டாது. எனவே திரையில் தமிழ், கோப்பின் நெடுவரிசைக்கு ரோமன் எழுத்து என்று கையேட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

பெயருக்கு என் முன்மொழிவு: இயந்திரத்துக்குக் கொடுப்பது ‘இடுபடம்’, இயந்திரம் திருப்பித் தருவது ‘இட்டபடம்’. சிறியவை, ஜோடி, ‘இடுபொருள்’ குடும்பம்.

மென்பொருள் பக்கமிருந்து

———

> இயந்திரத்துக்குக் கொடுப்பது ‘இடுபடம்’

ஜோடி காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனாலும் இதில் மறைந்து நிற்கும் ஒன்றைச் சொல்லவேண்டும். ‘இடுபடம்’ வினைத்தொகை. இட்ட படம், இடுகின்ற படம், இடும் படம் மூன்றுக்கும் அது பொருந்தும். காலத்தை மறைப்பதுதான் வினைத்தொகையின் வேலை. நாமோ போடவேண்டியது எது, போட்டது எது என்று காலத்தால் மட்டுமே வேறுபடும் இரண்டு படங்களுக்குப் பெயர் தேடுகிறோம். ‘இடுபொருள்’ என்ற சொல்லில் எக்காலமும் அடங்குவதால் அங்கே வினைத்தொகை பொருத்தம். இங்கே அதுவே குழப்பம்.

முதலாவதுக்கு ‘அளவுப்படம்’ என்று வைக்கலாம். அளவைச் சொல்லும் படம் என்று விரியும், ஆகவே ப் மிகும். இரண்டாவதுக்கு ‘இட்ட படம்’ என்று பெயரெச்சமாகவே பிரித்து எழுதலாம். அப்படியானால் ஒன்றைப் பார்த்து மற்றொன்று என்று யாரும் மயங்கமாட்டார்கள்.

கலைச்சொல் பக்கமிருந்து

———

அம்மா கேட்கும் காலவேறுபாடு கணக்குப் புத்தகத்துக்கும் உயிர்நாடி. உரத்துக்கு ஆன செலவை அளவுப்படத்திலிருந்து எடுத்து எழுதும் பழக்கம் இருக்கிறது. உரப்பெட்டி காலியாகி நடுவில் நின்றது, ஒரு பக்க வீசுதட்டு அடைத்துக்கொண்டது, திரும்பும் ஓரத்தில் இரண்டு முறை விழுந்தது, இவையெல்லாம் இட்ட படத்தில்தான் தெரியும். அதிலும் ஒரு நுணுக்கம்: சில கருவிகள் இட்ட படத்தில் உண்மையில் விழுந்ததைப் பதியாமல் இலக்கையே திருப்பி எழுதுகின்றன. எடைத்தட்டு உள்ள உரத்தூவியா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏற்றிய மூட்டையில் மீந்ததைக் கழித்து, இட்ட படத்தின் மொத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் கணக்கில் ஏற்றவேண்டும்.

‘இடவாரி’க்கு என் ஆதரவு. இந்த முறை கட்டுப்படியாகுமா என்ற கேள்வி ‘அளவு எவ்வளவு மாறுகிறது’ என்பதில் இல்லை. ‘இடத்துக்கு இடம் எவ்வளவு வேறுபாடு’ என்பதில் இருக்கிறது. சொல்லே அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிறது.

கையேட்டுக்கு ஒரு மாதிரிக் கணக்கு தருகிறேன். பணத்தில் எழுதினால் இடத்துக்கும் வருடத்துக்கும் மாறும் என்பதால் எல்லாவற்றையும் தானியக் கிலோவில் வைத்திருக்கிறேன். எண்கள் விளக்கத்துக்கு மட்டும்.

ஒரு ஹெக்டேர் விளைச்சல் = 3000 + 30 × தழைச்சத்து − 0.1 × தழைச்சத்தின் வர்க்கம். ஒரு கிலோ தழைச்சத்தின் விலை 4 கிலோ தானியம் என்று வைப்போம். உரச்செலவு போக மிச்சம் உச்சத்தைத் தொடுவது 130 கிலோவில், 4690 கிலோ. 110-இலும் 150-இலும் 4650. அதாவது 20 கிலோ தவறினால் இழப்பு வெறும் 40. ஆனால் 70 கிலோவில் நின்றுவிட்டால் மிச்சம் 4330, இழப்பு 360. தவறு மூன்று மடங்கானால் இழப்பு ஒன்பது மடங்கு.

இப்போது செலவுப் பக்கம். கருவியின் ஆண்டுத் தேய்மானம், மென்பொருள் சந்தா, படம் தயாரிக்கும் கூலி எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 6000 கிலோ தானியம் என்று கொள்ளுங்கள். 100 ஹெக்டேருக்குப் பிரித்தால் ஹெக்டேருக்கு 60, 20 ஹெக்டேருக்கு 300. பெரிய பண்ணையில் திட்டுகளின் தழைச்சத்துத் தேவை வயல் சராசரியிலிருந்து சுமார் 25 கிலோ விலகினாலே போட்ட செலவு திரும்ப வந்துவிடும். சிறிய பண்ணையில் 55 கிலோ விலகவேண்டும். அவ்வளவு விலகல் இல்லாத வயலில் கருவி வாங்குவது நட்டம். அப்படிப்பட்டவர்கள் படத்தை மட்டும் தயாரித்துக்கொண்டு, கருவி வைத்திருப்பவரிடம் வாடகைக்குப் போட்டுக்கொள்ளலாம். மூன்று திட்டுக்கு மூன்று முறை தனித்தனியாகக் கையால் அளவை மாற்றி ஓட்டினாலும் அது இடவாரிதான்.

திட்டு நிலையானதா என்பது அடுத்த கேள்வி. மழை மிகுந்த வருடம் பள்ளம் கெடும், வறண்ட வருடம் பள்ளம்தான் காக்கும். வருடத்துக்கு வருடம் உள்ள வேறுபாடு, இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டை விழுங்கிவிட்டால் சீராகப் போடுவதே பாதுகாப்பான வழி. ஒரே பருவத்து விளைச்சல் படத்தை வைத்துத் திட்டு பிரிக்காதீர்கள், குறைந்தது மூன்று பருவம் வேண்டும்.

முறை வேலை செய்ததா என்று அறிய ஒவ்வொரு திட்டையும் குறுக்கே கடக்கும்படி சீரான அளவில் ஒரு பட்டை விடவேண்டும். ‘ஒப்பீட்டுப் பட்டை’ என்று சொல்லலாமா? உரத்தூவியின் முழு வீச்சு அகலமாவது இருக்கவேண்டும். அதன் நடுவே அறுவடை இயந்திரம் முழு அகலத்துக்கு அறுத்துப் போக இடம் வேண்டும். திரும்பும் ஓரத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. இந்தப் பட்டையை விட மனமில்லாமல் எல்லா இடத்திலும் இடவாரியாகப் போட்டுவிட்டால், லாபம் கருவியால் வந்ததா மழையால் வந்ததா என்று எந்தக் கணக்காளராலும் சொல்லமுடியாது.

பண்ணைக் கணக்கு பக்கமிருந்து

———

ஒப்பீட்டுப் பட்டை சரியான பெயர். விளைச்சல் படம் என்றதால் இரண்டு தாமதங்களையும் கையேட்டில் சேர்த்துவிடுங்கள். இரண்டும் திட்டின் எல்லையை நகர்த்திவிடும்.

அறுத்த கதிர் வெட்டுமுனையிலிருந்து உள்ளே போய், தானியமாகி உணரியைத் தொட 10 முதல் 15 வினாடி ஆகும். 5 கி.மீ. வேகத்தில் 12 வினாடி என்றால் ஏறத்தாழ 17 மீட்டர். போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறுபக்கமும் தள்ளிப் பதிவதால் எல்லைக்கோடு ரம்பப் பல் மாதிரி தெரியும். படத்தில் அந்தப் பல்லைக் கண்டால் மண்ணில் அப்படி இல்லை என்று அர்த்தம். தாமத எண்ணைத் திருத்தவேண்டும்.

உரம் போடும்போதும் அதே கதை. புதிய இலக்கு வந்து, உரப்பெட்டியின் கதவு நகர்ந்து, உரம் மண்ணைத் தொட 2 வினாடி என்றால் 10 கி.மீ. வேகத்தில் 5.6 மீட்டர் தாண்டியிருக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டியில் ‘முன்பார்வை நேரம்’ என்று இருக்கும் இடத்தில் அந்த 2 வினாடியைப் போடவேண்டும்.

விதைப்புக் கருவிக்கு அளவுச் சோதனை எளிது. 3 மீட்டர் அகலக் கருவியை 33.3 மீட்டர் ஓட்டினால் 100 சதுர மீட்டர், ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு. அந்தத் தூரத்தில் பையில் 1.2 கிலோ விழுந்தால் ஹெக்டேருக்கு 120 கிலோ. இடவாரிக்கு இந்தச் சோதனையை ஓர் அளவில் மட்டும் செய்தால் போதாது. படத்தில் உள்ள மிகக் குறைந்த அளவிலும் மிகக் கூடிய அளவிலும் செய்யவேண்டும். நடு அளவில் சரியாக இருக்கும் கருவி இரண்டு முனையிலும் சறுக்கும்.

பண்ணைக் கருவிகள் பக்கமிருந்து

———

நன்றி. ‘இடவாரி’, ‘திட்டு’, ‘அளவுப்படம்’, ‘இட்ட படம்’, ‘ஒப்பீட்டுப் பட்டை’ ஐந்தையும் கையேட்டில் ஏற்றுகிறோம். ‘முன்பார்வை நேரம்’ நன்றாக இருப்பதால் அதையும் எடுத்துக்கொண்டோம்.

செயலியின் திரை வரி இப்படி வருகிறது, பார்த்துச் சொல்லுங்கள்:

திட்டு 3 – இலக்கு 90 – இட்டது 87

———

சொற்கள் சரி. எண்ணுக்குப் பக்கத்தில் எதன் கிலோ என்று இல்லாததுதான் குறை. 90 கிலோ தழைச்சத்து என்று நினைத்து வரைந்த படத்தைப் பெட்டி 90 கிலோ யூரியா என்று எடுத்துக்கொண்டால், யூரியாவில் 46 சதவீதம் மட்டுமே தழைச்சத்து என்பதால் பயிருக்குப் போவது 41 கிலோ. மறுபக்கம், 196 கிலோ யூரியா என்று எழுதியதைத் தழைச்சத்தாக எடுத்துக்கொண்டால் பெட்டி 426 கிலோ யூரியாவைக் கொட்டும், பயிர் கருகிவிடும்.

திரையில் இப்படி வரட்டும்:

திட்டு 3 – இலக்கு: யூரியா 196 கிலோ/ஹெக்டேர் – இட்டது: யூரியா 189 கிலோ/ஹெக்டேர்

அடியில் சிறிய எழுத்தில் ‘தழைச்சத்து 90 / 87’. பொருளின் பெயர் வரிக்குள்ளேயே வரவேண்டும், அமைப்புப் பக்கத்தில் மறைக்கவேண்டாம்.

பண்ணைக் கருவிகள் பக்கமிருந்து